லாட்ஜுக்கு ஒரு பேண்டு

(இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



லாட்ஜ் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டியூப் லைட் போர்டு. உள்ளே போனால் மேஜை மேல் லெட்ஜர், ஆணியில் தொங்கும் சாவிகள், "சிங்கிளா, டபுளா?" என்ற கேள்வி. அப்படிப்பட்ட லாட்ஜுக்கு எதற்கய்யா பேண்டு வாத்தியம் என்று தலைப்பைப் பார்த்ததும் நீங்கள் சிரித்திருக்கலாம். நான் சொல்ல வந்த லாட்ஜ் வேறு. அது சகோதரச் சங்கம். உறுப்பினராகச் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் 'பிரதர்' என்று கூப்பிடும் சங்கம். அந்தச் சங்கத்தின் கிளைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர். இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் தொழிற்சங்கக் கிளையையும் லாட்ஜ் என்றே அழைத்தார்கள். 1871 முதல் அவர்கள் நடத்தும் பெரிய ஊர்வலத்தில் லாட்ஜுக்கு ஒரு கொடி, கொடிக்கு முன்னால் ஒரு பேண்டு. அது பித்தளை வாத்திய பேண்டு. நான் எழுதப் போவது பை வாத்தியமும் டிரம்மும் சேர்ந்த பேண்டைப் பற்றி. பேக்பைப் என்கிறோமே, அதுதான்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் ஆசை வந்தது என்றால், அதற்குக் காரணம் லாட்ஜ் என்ற சொல்லின் பூர்வீகம். ஐரோப்பாவில் பெரிய பெரிய தேவாலயங்களைக் கட்டிய காலத்தில், கல்தச்சர்களும் கொத்தனார்களும் வேலை செய்யவும், கருவிகளை வைக்கவும், சாப்பிட்டு ஓய்வெடுக்கவும் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். அந்தக் கொட்டகைக்குப் பெயர்தான் லாட்ஜ்! இன்று நாம் சைட் ஷெட் என்கிறோமே, அதேதான். எடின்பரோ நகரின் ஒரு லாட்ஜில் 1599 முதல் எழுதப்பட்ட கூட்டக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. காலப்போக்கில் கல்லைத் தொடாத கனவான்களும் அதில் சேர ஆரம்பித்தார்கள். 1717ல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து ஒரு தலைமை லாட்ஜை அமைத்தன. ஃப்ரீமேசன் என்று நாம் கேள்விப்படும் சங்கம் இப்படி வளர்ந்ததுதான்.

அவர்களுடைய சின்னங்கள் என்ன தெரியுமா? மூலைமட்டம், கவராயம், ரசமட்டம், தூக்குக்குண்டு, கரண்டி. எங்கள் அப்பா தினமும் சிமெண்டுப் பையில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகும் சாமான்கள்! அவர்கள் அதற்குத் தத்துவ விளக்கம் சொல்கிறார்கள்: ரசமட்டம் என்றால் எல்லோரும் சமம், தூக்குக்குண்டு என்றால் நேர்மை, மூலைமட்டம் என்றால் ஒழுக்கம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "சுவரு நேரா வரணும்னா குண்டு கட்டித்தான் ஆவணும், இதுல என்னடா தத்துவம்" என்றார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். ஆனாலும் தூக்குக்குண்டைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும் என்பதால் நான் வாதாடவில்லை.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சென்னையில் லாட்ஜ் வந்துவிட்டது. ஆற்காடு நவாபின் மகன் உம்தத் உல் உம்ரா 1770களிலேயே அதில் சேர்ந்திருக்கிறார். இந்தியாவுக்கென்று தனித் தலைமை லாட்ஜ் 1961ல் அமைந்தது. ரகசியச் சடங்கு, கைகுலுக்கும் அடையாளம் என்றெல்லாம் ஊரில் நிறையக் கதை சொல்வார்கள். அதில் பாதி கட்டுக்கதை. அதற்குள் நான் போகவில்லை.

லாட்ஜுகளால் ஏழைத் தொழிலாளிக்கு என்ன பயன்? இதுதான் முக்கியம். அரசாங்க இன்சூரன்ஸ், பென்ஷன் எதுவும் இல்லாத காலம். வேலையில் கை போனால் போனதுதான். உறுப்பினர்கள் வாராவாரம் சில்லறை போட்டு ஒரு நிதி சேர்ப்பார்கள். ஒருவர் படுத்த படுக்கையானால் வீட்டுக்குப் பணம் போகும். இறந்துபோனால் அடக்கச் செலவு, விதவைக்கு உதவி. நம் ஊர் சீட்டும் மொய்யும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சகோதரர் ஒருவரின் சவ ஊர்வலத்தில் லாட்ஜே திரண்டு வரும். ஆண்டுக்கு ஒரு முறை ஊர்வலமும் உண்டு. ஊர்வலம் என்றால் கொடி வேண்டும், கொடிக்குப் பின்னால் நடப்பவர்களுக்கு அடி எடுத்து வைக்கத் தாளம் வேண்டும். பேண்டு அப்படித்தான் உள்ளே வந்தது.

இனி வாத்தியத்துக்கு வருவோம். இதில் நம் பாடப் புத்தகத்தில் உள்ள சமாச்சாரம் நிறைய இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பேக்பைப் ஸ்காட்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது சரியல்ல. ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ இதை மேடையேறி வாசிக்க ஆசைப்பட்டதாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். நீரோ பிடில் வாசித்தான் என்பதைவிட இது நம்பத் தகுந்த செய்தி, ஏனென்றால் அப்போது பிடிலே கிடையாது! ஐரோப்பா முழுக்க, வட ஆப்பிரிக்காவில், வட இந்தியாவில் எல்லாம் ஏதோ ஒரு வகைப் பை வாத்தியம் உண்டு. நம் தென்னாட்டிலும் தோல் பையில் ஊதிச் சுருதி மட்டும் கொடுக்கும் துத்தி என்ற வாத்தியம் சின்ன மேளத்தில் இருந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள் செய்தது, அதை ஒரு பெரிய கலையாக வளர்த்ததுதான்.

அமைப்பு இதுதான். கையிடுக்கில் ஒரு தோல் பை. ஆட்டுத் தோல் அல்லது மாட்டுத் தோல், இப்போது செயற்கைத் துணியும் வந்துவிட்டது. பையில் ஐந்து குழல்கள் செருகியிருக்கும். ஒன்று வாயால் ஊதும் குழல். அதன் அடியில் காற்று உள்ளே போகலாம், திரும்பி வரக்கூடாது என்று ஒரு சின்ன வால்வு. மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நான்-ரிட்டர்ன் வால்வு! இரண்டாவது, விரல் வைத்து வாசிக்கும் சான்ட்டர். முன்பக்கம் 7 துளை, பின்பக்கம் கட்டை விரலுக்கு ஒன்று. மீதி மூன்றும் தோளில் சாய்ந்து நிற்கும் டிரோன் குழல்கள். இரண்டு டெனார், ஒரு பேஸ். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் விடாமல் ஒத்து ஊதுவாரே, அந்த வேலையை இந்த மூன்று குழலும் செய்கின்றன. அதாவது நாதஸ்வரக்காரரும் ஒத்துக்காரரும் ஒரே ஆள்.

சான்ட்டருக்குள் இருப்பது நம் சீவாளி போல இரண்டு நாக்கு உள்ள நாணல் ரீடு. டிரோனில் இருப்பது ஒற்றை நாக்கு ரீடு. மரம் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருங்காலி வகை. தான்சானியா, மொசாம்பிக் காடுகளில் இருந்து வருகிறது. நம் ஈட்டி மரத்துக்கு அது நெருங்கிய சொந்தம், இரண்டும் டால்பெர்ஜியா பேரினம். நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் எப்படியோ, இதற்கு அது அப்படி.

பைக்கு என்ன அவசியம், நேரே ஊதினால் என்ன என்று கேட்பீர்கள். வாசிப்பவன் மூச்சு வாங்கும்போதும் சத்தம் அறுந்துபோகக் கூடாது. ஊதும்போது பை நிறையும். மூச்சு இழுக்கும் அந்த நொடியில் முழங்கையால் பையை அமுக்குவான். உள்ளே அழுத்தம் மாறாமல் இருக்க வேண்டும், மாறினால் சுருதி ஆடிவிடும். எவ்வளவு அழுத்தம்? சுமார் 30 அங்குல நீர்மட்டம், அதாவது ஏறக்குறைய 760 மில்லி மீட்டர். ஹைட்ராலிக்ஸ் லேபில் நாம் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் அதே யூ-டியூப் மானோமீட்டரைப் பையோடு இணைத்து, தண்ணீர் மட்டம் ஆடாமல் ஊதிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த மானோமீட்டர் மேல் மரியாதை வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

சுருதி சேர்ப்பது இன்னும் சுவாரசியம். சான்ட்டரின் ஆதார ஸ்வரம் இன்றைய பேண்டுகளில் சுமார் 480 ஹெர்ட்ஸ். டெனார் டிரோன் அதில் பாதி, 240. பேஸ் டிரோன் அதிலும் பாதி, 120. இரண்டு டெனாரில் ஒன்று 240ம் இன்னொன்று 242ம் ஆக இருந்தால் என்ன ஆகும்? நொடிக்கு 2 விம்மல்கள்! இயற்பியலில் விம்மல்கள் கணக்குப் போட்டோமே, அதைப் பைப்பர் காதால் போடுகிறான். குழலின் மூட்டை மேலே கீழே நகர்த்தி நீளத்தைக் கூட்டிக் குறைத்து, அந்த 'உவ்வ்... உவ்வ்...' அடங்கும்வரை விடமாட்டான். ஒரு பேண்டில் 20 பைப்பர் என்றால் 60 டிரோன். அறுபதும் ஒரே குரலாக நிற்க வேண்டும். வெயில் ஏறினால் சுருதி ஏறும், மழை தூறினால் ரீடு ஈரமாகும். போட்டிக்கு முன்னால் பைப் மேஜர் முகத்தைப் பார்த்தால் வைவா வாசலில் நிற்கும் நம் முகம் மாதிரி இருக்குமாம்.

இந்த வாத்தியத்தில் மொத்தமே 9 ஸ்வரங்கள். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நடுவில் நிறுத்தவும் முடியாது. ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால்கூட நடுவில் ஒரு மின்னல் வேக ஸ்வரத்தைத் தட்டித்தான் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். இந்த இல்லாமையில் இருந்துதான் அவர்களுடைய அலங்காரம் எல்லாம் பிறந்தது. நம் கமகம் மாதிரி விதவிதமான தட்டல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தவில்காரர்கள் சொற்கட்டு சொல்வது போல, பழைய பைப்பர்களும் பாட்டை வாயால் எழுத்து எழுத்தாகச் சொல்லியே சீடனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வழியாகவே ஒரு பெரிய சங்கீதம் பல தலைமுறை தப்பாமல் வந்திருக்கிறது என்பதை நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

டிரம் பக்கமும் லேசுப்பட்டதல்ல. சைடு டிரம்மின் மேல் தோலை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறார்கள் என்றால், சாதாரணத் தோல் தாங்காமல் இப்போது குண்டு துளைக்காத சட்டைக்கு உபயோகிக்கும் கெவ்லார் இழையில் செய்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அலெக்ஸ் டுதார்ட் (1925–1986) சுவிட்சர்லாந்து டிரம் முறையில் இருந்து எடுத்துச் சேர்த்த கைவரிசைகள் இன்றைய வாசிப்பையே மாற்றிவிட்டன. டெனார் டிரம்காரர்கள் குச்சியைச் சுழற்றுவது பார்க்க அழகு. நடுவில் பெரிய பேஸ் டிரம். பேண்டு ஆரம்பிக்கும்போது முதலில் டிரம்மில் இரண்டு உருட்டல். இரண்டாவது உருட்டலில் பையைத் தட்டி டிரோனை எழுப்புவார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் நுழைந்து பாட்டுக்குள் போவார்கள். ஒருவன் அரை நொடி முந்தினாலும் மானம் போச்சு.

ராணுவக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1746ல் ஸ்காட்லாந்து கலகம் அடக்கப்பட்டதும் பேக்பைப்பைச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அந்தச் சட்டத்தில் ஆயுதமும் மலைநாட்டு உடையும்தான் தடை, பைப்பின் பெயரே இல்லை. ஆனால் அதே ஆண்டு ஜேம்ஸ் ரீட் என்ற பைப்பரைத் தூக்கில் போட்டார்கள். நான் ஆயுதம் ஏந்தவில்லை, ஊதினேன் அவ்வளவுதான் என்பது அவர் பக்க வாதம். பைப்பும் போர்க் கருவிதான் என்றது கோர்ட். பிறகு அதே அரசாங்கம் மலைநாட்டுப் பட்டாளங்களை உண்டாக்கி, 1854ல் பைப்பர்களுக்கு அதிகாரபூர்வமாகவே சம்பளம் கொடுத்தது! முதல் உலகப் போரில், 1915 செப்டம்பரில் லூஸ் என்ற இடத்தில் விஷவாயுவில் தவித்து நின்ற பட்டாளத்துக்கு முன்னால், டேனியல் லெய்ட்லா பதுங்கு குழியின் மேல் ஏறி ஊதிக்கொண்டே நடந்து விக்டோரியா கிராஸ் வாங்கினார். நம் இந்திய ராணுவத்திலும் இந்தப் பழக்கம் தங்கிவிட்டது. ஆண்டுதோறும் ஜனவரி 29ல் டெல்லியில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட்டில் பைப் பேண்டு பார்த்திருப்பீர்கள். பைப் செய்வதில் உலகத்துக்கே ஏற்றுமதி செய்யும் ஊர் எது தெரியுமா? பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட். கிரிக்கெட் மட்டை செய்யும் அதே ஊர்.

ராணுவத்தில் இருந்து ஊருக்கு வந்தது அடுத்த கட்டம். கிளாஸ்கோ அருகே கோவன் போலீஸ் பேண்டு 1883லேயே தொடங்கிவிட்டது. சுரங்க ஊரான ஷாட்ஸில் 1910ல் தொடங்கிய பேண்டு உலக சாம்பியன் பட்டம் பலமுறை வாங்கியது. பட்டாளத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டவன் ஊர் திரும்பினால் சும்மா இருப்பானா? சுரங்கத்தில், கப்பல் பட்டறையில் வேலை, சாயங்காலம் லாட்ஜ் ஹாலில் பிராக்டிஸ்.

வட அயர்லாந்தில் இந்த லாட்ஜ் பேண்டுகள் தெருத் தெருவாக உண்டு. ஆனால் அங்கே கதை கசப்பானது. 1795ல் ஆர்மா மாவட்டத்தில் புராட்டஸ்டன்ட் மக்கள் ஆரஞ்ச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஜூலை 12ம் தேதியும், 1690ல் நடந்த பாய்ன் ஆற்றுப் போரின் வெற்றியைக் கொண்டாட லாட்ஜ் லாட்ஜாக ஊர்வலம். புல்லாங்குழல் பேண்டு, அக்கார்டியன் பேண்டு, பைப் பேண்டு எல்லாம் வரும். லாம்பெக் என்ற ராட்சத டிரம்மும் உண்டு. மூன்றடி விட்டம், ஆட்டுத் தோல், பிரம்பால் அடி. கத்தோலிக்க மக்களுக்கு ஹிபர்னியன் சங்கம். அவர்களுக்கும் கிளைகள், அவர்களுக்கும் கொடி, அவர்களுக்கும் பைப் பேண்டு. வாத்தியம் ஒன்று, உடை கிட்டத்தட்ட ஒன்று, தெருதான் வேறு. எங்கள் தெரு வழியாக உங்கள் மேளம் வரக்கூடாது என்ற சண்டை நமக்குப் புதிதா என்ன? நம் ஊர்களிலும் சாமி ஊர்வலம் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று தாசில்தார் உட்கார்ந்து பேசி முடித்த சங்கதிகள் உண்டு. அங்கே போர்ட்டடவுன் நகரின் கார்வாகி சாலை வழியாக ஆரஞ்ச் ஊர்வலம் போகலாமா என்று 1995 முதல் பெரிய கலவரமே நடந்தது. எந்த ஊர்வலம் எந்த வழியில் போகலாம் என்று தீர்மானிக்க 1998ல் சட்டப்படி ஒரு ஆணையமே அமைத்தார்கள். அந்தச் சாலை வழியாக ஊர்வலம் போக அந்த ஆண்டு அனுமதி மறுத்தார்கள். ஊர்வலத்தை நிறுத்தச் சொன்னாலும் சரி, நடத்தச் சொன்னாலும் சரி, ஒரு பக்கத்துக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் போட்டி மைதானம் என்று வந்தால் நிலைமை வேறு. கிளாஸ்கோவில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் உலகப் போட்டிக்கு வட அயர்லாந்தின் ஃபீல்ட் மார்ஷல் மான்ட்கோமரி பேண்டும் டப்ளினின் செயின்ட் லாரன்ஸ் ஓடூல் பேண்டும் ஒரே வட்டத்தில் நின்று வாசிக்க வருகின்றன. முன்னது 1992ல் முதல் முறையும், பின்னது 2010லும் உலகப் பட்டம் வாங்கின.

கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போவோம். இந்தக் கட்டுரையை நான் எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

1870களில் நியூயார்க் ஃப்ரீமேசன்களில் சிலர், சங்கம் என்றால் எப்போதும் இறுகிய முகத்தோடு உட்கார வேண்டுமா, கொஞ்சம் ஜாலியாக இருக்கக் கூடாதா என்று யோசித்து ஒரு கிளைச் சங்கம் தொடங்கினார்கள். அவர்கள்தான் ஷ்ரைனர்கள். சிவப்புக் குல்லாய் வைத்திருப்பார்கள். ஊருக்கு ஊர் கிளை. கிளைக்குள் கோமாளிக் குழு, மோட்டார் சைக்கிள் குழு, பலவகை பேண்டு. ஸ்காட்லாந்து வம்சாவளியினர் இருக்கும் ஊர்களில் பைப்பும் டிரம்மும் கொண்ட குழுவும் சேர்ந்தது. ஆண்டு மாநாடு என்றால் ஊரே அதிரும். கேளிக்கைக்கென்றே இருக்கும் சங்கம் என்று பெயர் வாங்கினார்கள்.

1920ல் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்ட் நகரில் மாநாடு. தலைவர் ஃப்ரீலேண்ட் கென்ட்ரிக் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2 டாலர் கொடுப்போம், கால் ஊனமான குழந்தைகளுக்கு இலவச ஆஸ்பத்திரி கட்டுவோம். போலியோவில் குழந்தைகளின் கால்கள் சூம்பிப்போன காலம் அது. ஆனாலும் எதிர்ப்பு பலமாகவே இருந்தது. தீர்மானம் விழுந்துவிடும் போலத் தெரிந்தது. அப்போது அட்லாண்டாவில் இருந்து வந்த ஃபாரஸ்ட் அடேர் எழுந்தார். முந்தின இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தாராம். விடியற்காலையில் மாநாட்டு பேண்டுக்காரர் ஒருவர் ஜன்னலுக்குக் கீழே தனியாக ஒரு பாட்டை வாசித்துக்கொண்டே அலைந்தார். அந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த, 'நான் குமிழி ஊதிக்கொண்டே இருக்கிறேன்' என்று பொருள்படும் பாட்டு அது. அதைக் கேட்டதும் அடேருக்குச் சுருக்கென்றது: நாமும் இத்தனை வருடமாகக் குமிழிதானே ஊதிக்கொண்டிருக்கிறோம்? பாட்டுக்கும் பேண்டுக்கும் அள்ளிக் கொட்டினோமே, மனிதனுக்கு எதைச் செலவழித்தோம்? இதைத்தான் சபையில் பேசினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

1922ல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் முதல் ஆஸ்பத்திரி திறந்தது. முதல் நோயாளி ஒரு சின்னப் பெண். பிறவியிலேயே பாதம் வளைந்து, உள்ளங்காலுக்குப் பதிலாகப் புறங்காலை ஊன்றி நடக்கப் பழகியிருந்தவள். கனடாவின் மான்ட்ரீலில் 1925ல் ஒன்று, மெக்ஸிகோ நகரில் 1945ல் ஒன்று என்று அது பரவியது. போலியோ குறைந்த பிறகு 1960களில் தீக்காயக் குழந்தைகளுக்கென்றே ஆஸ்பத்திரிகள் தொடங்கினார்கள். பேண்டை நிறுத்தினார்களா? இல்லை. இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. அதே பேண்டு, அதே ஊர்வலம். ஊர்வலமும் சர்க்கஸும் கால்பந்துப் போட்டியுமாக ஜனங்களைத் திரட்டி, இப்படி ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது என்று ஊருக்குத் தெரியப்படுத்தினார்கள். 2009ல் பொருளாதார மந்தத்தில் சங்கத்தின் மூலதனமே கரைந்தபோது 6 ஆஸ்பத்திரிகளை மூடலாமா என்று மாநாட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. மூடக்கூடாது என்றே உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். அதற்கு விலையாக, 2011 முதல் இன்சூரன்ஸ் உள்ளவர்களிடம் அதை வாங்கிக்கொள்கிறார்கள். பணம் கட்ட முடியாத குழந்தையைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது மட்டும் மாறவில்லை.

நம் பேரவைக் கூட்டத்திலும் இந்த வருடம் ஆண்டு விழாவுக்கு பேண்டு செட்டா, பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு நிதியா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம் அல்லவா? நான் நிதிக்குத்தான் கை தூக்கினேன். முதல் செமஸ்டரில் என் கட்டணத்துக்கு அம்மா தோட்டை அடகு வைத்தது எனக்குத் தெரியும். ஆனால் பேண்டு கேட்டவர்களை நான் மட்டமாக நினைக்கவில்லை. மேளச் சத்தம் கேட்டால்தானே நாலு பேர் கேட்டுக்கு வருவார்கள்? உண்டியலை அங்கே வைத்தால் ஆயிற்று.

ஷ்ரைனர்களை முழுக்கப் புகழ்ந்துவிட்டால் பாதிதான் சொன்னவனாவேன். 'பிரதர்' என்று சொன்னவர்கள் கறுப்பின மக்களை உள்ளே விடவில்லை. கறுப்பர்கள் 1893ல் சிகாகோவில் தங்களுக்கென்று தனி ஷ்ரைனர் சங்கம் அமைத்தார்கள். அந்தப் பெயரையும் சின்னத்தையும் அவர்கள் உபயோகிக்கக் கூடாது என்று வெள்ளையர் சங்கம் கோர்ட்டுக்கு இழுத்தது. 1929ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கறுப்பின சங்கத்தின் பக்கமே தீர்ப்பு சொன்னது. ரசமட்டத்தைச் சின்னமாக வைத்திருந்தவர்கள் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக நியூயார்க். அங்கே போலீஸ், தீயணைப்புத் துறைகளில் அயர்லாந்தில் இருந்து பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள் அதிகம். அபாயமான வேலை, வந்தேறிகளுக்குத்தான் கிடைத்தது. அவர்களுடைய சகோதரச் சங்கத்தின் பெயர் எமரால்டு சொசைட்டி. போலீஸ் சங்கத்தின் பைப் பேண்டு 1960லும், தீயணைப்புச் சங்கத்தின் பேண்டு 1962லும் தொடங்கின. யாரும் சம்பளத்துக்கு வாசிப்பவர்கள் இல்லை. எல்லோரும் தீயணைப்பு வீரர்கள், டூட்டி முடிந்து வந்து கற்றுக்கொண்டவர்கள். பணியில் இறந்த சக ஊழியரின் இறுதி ஊர்வலத்தில் வாசிப்பது அந்தப் பேண்டின் முதல் கடமை. 2001 செப்டம்பர் 11ல் உலக வர்த்தக மையத்தில் 343 தீயணைப்பு வீரர்கள் ஒரே நாளில் இறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாசித்தாக வேண்டும். ஒரே நாளில் பல இடங்களில் அடக்கம். பேண்டைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்துக்கொண்டார்கள். பகலில் சாவு ஊர்வலத்தில் வாசிப்பு, மிச்ச நேரத்தில் இடிபாடுகளில் தோழர்களின் உடலைத் தேடும் வேலை. 2002ம் ஆண்டிலும் அது தொடர்ந்தது. முதலாண்டு நினைவு நாளில் நகரின் ஐந்து பகுதிகளில் இருந்தும் பைப் பேண்டுகள் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு நடந்தே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நம் ஊரில் சாவுக்கு மேளம் அடிக்க ஒரு ஜனத்தையே ஒதுக்கி வைத்தோம். அடித்தவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. அங்கே இறந்தவனோடு ஒரே வண்டியில் தீயணைக்கப் போனவன், அவன் பிணத்துக்கு முன்னால் தானே பையைத் தூக்கி ஊதுகிறான். மரியாதை ஊதுகிறவனுக்கும் சேர்த்துத்தான்.

யாருக்காவது கற்றுக்கொள்ளும் ஆசை வந்தால் இரண்டு விஷயம். முதல் ஆறு மாதம், ஏன் ஒரு வருடம்கூட, பை கையிலேயே கிடைக்காது. பிராக்டிஸ் சான்ட்டர் என்று பையில்லாத சின்னக் குழல், அதில்தான் விரல் பழக வேண்டும். ஹாஸ்டலில் அதை வாசித்தால் பக்கத்து ரூமில் சண்டைக்கு வரமாட்டார்கள். நிஜ பைப் 100 டெசிபலைத் தாண்டும், அதை மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வாத்தியத்தை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்து காய வைக்க வேண்டும். பைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தினமும் பைப் வாசித்துவந்த 61 வயதுக்காரர் ஒருவர் அந்தப் பூஞ்சையைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இறந்துபோனதை 2016ல் இங்கிலாந்து டாக்டர்கள் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆகி வந்த தாத்தா ஒருவர் இருக்கிறார். பேண்டில் வாசித்தவர். பை எப்போதோ போய்விட்டது, சான்ட்டர் மட்டும் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனால் முதலில் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்வார். வாசிக்கக் கொடுப்பது அதற்கப்புறம்தான்.